16.04-இல் எழுதியது, 24.04-இல் உடைந்தது: சில ஷெல் ஸ்கிரிப்ட்களைக் குடிமாற்றிய கதை

தெரிந்தவர் ஒருவரின் மொத்த ஜவுளிக் கடையில் பின்னறை சர்வர் ஒன்று உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 16.04 பதிப்பில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பதிப்புக்கான வழக்கமான ஆதரவு 2021 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. ஹார்ட் டிஸ்க்கும் முனக ஆரம்பித்ததால் புதுப் பெட்டி வாங்கி, 24.04 போட்டு, எல்லாவற்றையும் அதற்கு மாற்றித் தரும் வேலை என்னிடம் வந்தது. டேட்டாவை நகர்த்துவது பெரிய விஷயமில்லை. குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாகத் தொடங்கும் கிரான், இரவில் ஓட்டும் ஷெல் ஸ்கிரிப்ட்கள்தான் (கட்டளைகளை வரிசையாக எழுதிய ஃபைல்கள்) விஷயம். பில் பிடிஎஃப்களைக் கிளைவாரியாக ஒதுக்குவது, டேட்டாபேஸ் பேக்கப் எடுப்பது, அதைப் பழைய நாஸ் பெட்டிக்கு (நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்புப் பெட்டி) அனுப்புவது, காலையில் கணக்காளருக்கு அறிக்கை மெயில் போடுவது எல்லாம் அவற்றின் வேலை. பல வருடங்களில் பலர் எழுதியவை. எழுதிய யாரும் இப்போது அங்கே இல்லை.

ஸ்கிரிப்ட்களில் ஒரு எழுத்தைக்கூடத் தொடாமல் புது மெஷினில் அப்படியே ஓட்டிப் பார்ப்பது என்று முதலில் முடிவு செய்தேன். ஒப்பிட வசதியாக டாக்கரில் (மென்பொருளைக் கண்டெய்னர் எனும் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி) 16.04 இமேஜ் ஒன்று, 24.04 இமேஜ் ஒன்று. ஒவ்வொரு ஸ்கிரிப்டையும் மாதிரி டேட்டாவை வைத்து இரண்டிலும் ஓட்டினேன். வெளியீட்டை ஒரு ஃபைலிலும், ஸ்டாண்டர்ட் எரரில் (பிழைச் செய்திகளுக்கான தனி ஓடை) வந்ததை இன்னொன்றிலும், எக்ஸிட் கோடை (0 என்றால் வெற்றி, மற்றவை தோல்வி) மூன்றாவதிலும் சேமித்து, பிறகு டிஃப் போட்டு வித்தியாசங்களைப் பார்த்தேன். மொழி அமைப்பு வேறாக இருந்தால் வேண்டாத வித்தியாசங்கள் வரும் என்பதால் இரண்டிலும் லோகேலை 'சி' என்று வைத்தேன். இந்த மூன்று ஃபைல் முறையைக் கட்டாயம் பரிந்துரைப்பேன். வெளியீட்டை மட்டும் பார்த்திருந்தால் பாதி உடைசல் கண்ணிலேயே பட்டிருக்காது.

சத்தம் போட்டு உடைந்தவை

இவை சுலபம். 'பைத்தான்' என்ற பெயரில் கட்டளையே 24.04-இல் கிடையாது, 'பைத்தான்3' மட்டும்தான். முதல் வரியிலேயே 'அப்படி ஒன்று இல்லை' என்று நின்றுவிட்டது. 'பைத்தான்-இஸ்-பைத்தான்3' என்று ஒரு பேக்கேஜ் இருக்கிறது, போட்டால் பெயர் கிடைக்கும். நான் போடவில்லை. உள்ளே இருப்பது பைத்தான் 2-க்கு எழுதிய நிரல். பிரிண்ட் வரி இலக்கணப் பிழை என்று கத்தும், அது பரவாயில்லை. ஆனால் 7-ஐ 2-ஆல் வகுத்தால் அங்கே 3, இங்கே 3.5. அது கத்தாது. ஸ்கிரிப்டைத் திறந்து, வகுத்தல் வருகிற இடங்களைப் பார்த்துத் திருத்தி, தலைப்பு வரியில் பைத்தான்3 என்று எழுதிவிட்டேன்.

அடுத்தது மெஷினின் நெட்வொர்க் முகவரியைக் காட்டும் இஃப்கான்ஃபிக். புது உபுண்டு சர்வரில் அது இயல்பாக வராது, 'கட்டளை கிடைக்கவில்லை' என்றது. இணையத்தில் தேடினால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: நெட்-டூல்ஸ் பேக்கேஜை இன்ஸ்டால் செய். செய்து பார்த்தேன். ஸ்கிரிப்ட் ஒரு பிழையும் இல்லாமல் ஓடி முடிந்தது. எக்ஸிட் கோட் 0. ஆனால் காலை மெயிலில் போக வேண்டிய அறிக்கை இணைப்பு 'எச்டிடிபி:///அறிக்கை' என்று, நடுவில் முகவரி இல்லாமல் வந்து நின்றது.

காரணம் எளிது. பழைய இஃப்கான்ஃபிக் 'ஐநெட் ஏடிடிஆர்:192.168.1.10' என்று அச்சிடும். ஸ்கிரிப்ட் அந்த 'ஐநெட் ஏடிடிஆர்' என்ற சொற்களை கிரெப்பால் (வரிகளில் தேடும் கட்டளை) பிடித்து, முக்காற்புள்ளியில் வெட்டி, அடுத்த துண்டை ஐபி முகவரியாக எடுத்துக்கொள்ளும். புதிய நெட்-டூல்ஸில் அந்த வரி 'ஐநெட் 192.168.1.10' என்று தொடங்குகிறது. 'ஏடிடிஆர்' இல்லை, முக்காற்புள்ளியும் இல்லை. கிரெப்புக்கு எதுவும் கிடைக்கவில்லை, பைப்பின் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குக் கொடுக்கும் தொடர்) கடைசியில் இருந்த 'ஆக்' கட்டளை காலி உள்ளீட்டைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு வெற்றி என்று சொல்லிவிட்டது.

ஆக, கட்டளையே இல்லாமல் நின்றபோது நிலைமை நன்றாக இருந்தது. 'உதவி' செய்து இன்ஸ்டால் செய்ததும் மோசமானது. நெட்-டூல்ஸைக் கழற்றிவிட்டு 'ஐபி' கட்டளையை '-ஜே' ஆப்ஷனோடு போட்டேன், அது நிரல்கள் படிக்க ஏற்ற ஜேசன் வடிவத்தில் தரும். அதை ஜேக்யூ கருவியை வைத்து எடுக்க ஒரு வரி போதும். மனிதர் படிக்கும் வெளியீட்டை வெட்டி ஒட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். முகவரி காலியாக வந்தால் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்கும்படி ஒரு சோதனையும் சேர்த்தேன்.

கிரெப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 செப்டம்பரில் வந்த கிரெப் 3.8-இலிருந்து ஈகிரெப், எஃப்கிரெப் இரண்டும் 'இது வழக்கொழிகிறது, கிரெப் -ஈ (அல்லது -எஃப்) பயன்படுத்து' என்று ஒவ்வொரு முறையும் ஸ்டாண்டர்ட் எரரில் சொல்லும். உபுண்டுவுக்கு அடித்தளமான டெபியன்காரர்கள் அந்த எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள், அதனால் உபுண்டுவிலும் வராது. ஆர்ச் என்ற இன்னொரு லினக்ஸ் ஓடும் என் லேப்டாப்பில் வரும். ஒரே கட்டளை, ஒரே பதிப்பு, மெஷினைப் பொறுத்து வேறு நடத்தை. ஆனால் தேவையில்லாத இடத்தில் பின்சாய்கோடு போட்டால் வரும் எச்சரிக்கையை உபுண்டுவிலும் விட்டுவைத்திருக்கிறார்கள். எங்கள் ஸ்கிரிப்ட் ஒன்று இரண்டு ஓடைகளையும் ஒன்றாக்கி வரிகளை எண்ணிக்கொண்டிருந்தது. எச்சரிக்கை வரியும் ஒரு பில்லாகக் கணக்கில் சேர்ந்துவிட்டது.

சிபி -என்

இதில்தான் அதிக நேரம் போனது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சோதனை ஓட்டத்தின்போது கிரான் மெயில்கள் கணக்காளர் அக்காவுக்கே போய்க்கொண்டிருந்தன. காலையில் போன் வந்தது. "தம்பி, 'வார்னிங் வார்னிங்'னு பக்கம் பக்கமா மெயில் வந்திருக்கு. கணக்கு ஏதும் போயிடுச்சா?" ஒன்றும் போகவில்லை அக்கா என்று சொல்லிவிட்டுத் திறந்து பார்த்தால், ஒரே வரி திரும்பத் திரும்ப இருந்தது. '-என் ஆப்ஷனின் நடத்தை எல்லா இடத்திலும் ஒன்றாக இராது, எதிர்காலத்தில் மாறலாம், அதற்குப் பதில் --அப்டேட்=நன் பயன்படுத்து' என்பது அதன் சாரம்.

ஃபைலை நகலெடுக்கும் சிபி கட்டளையில் -என் என்றால், போகுமிடத்தில் அதே பெயரில் ஃபைல் இருந்தால் தொடாதே என்று பொருள். பில் ஒதுக்கும் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு வாடிக்கையாளர் ஃபோல்டருக்கும் ஒரு முறை இதை அழைக்கிறது. அதனால்தான் பக்கம் பக்கமாக வந்தது. கிரானைப் பொறுத்தவரை வெளியீடு என்று ஏதாவது வந்தால் அது மெயில்தான், பிழையா வெறும் புலம்பலா என்று அது பார்ப்பதில்லை.

பின்கதையைத் தோண்டினால் இப்படிப் போகிறது. சிபி, எல்எஸ் போன்ற அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பான ஜிஎன்யூ கோர்யூட்டில்ஸில் வெகுகாலம் -என் சத்தமில்லாமல் தாண்டிப் போய் 0 என்று முடியும். 2023 மார்ச்சில் வந்த 9.2-இல் மாற்றினார்கள்: ஏதாவது ஒரு ஃபைலைத் தாண்டினாலும் எக்ஸிட் கோட் தோல்வி என்று வரும். ஏற்கெனவே இருப்பதைத் தாண்டுவதற்காகவே -என் போட்டவர்களுக்கு இது தலைகீழ். 'செட் -ஈ' (ஒரு கட்டளை தோற்றால் அங்கேயே நில்) போட்ட ஸ்கிரிப்ட்கள் அந்த வரியிலேயே நின்றுபோகும். அடுத்து 9.3-இல் --அப்டேட்=நன் என்ற புது வழியைச் சேர்த்தார்கள், அது பழையபடி அமைதியாகத் தாண்டும். டெபியன் தன் பக்கம் பழைய எக்ஸிட் கோடைத் திரும்ப வைத்து, கூடவே மேலே சொன்ன எச்சரிக்கையை ஒட்டியது. அந்த ஒட்டுதான் 24.04-இல் வரும் 9.4-இல் இருக்கிறது. 2024 மார்ச்சில் 9.5 வந்தபோது ஜிஎன்யூ மறுபடி பழைய நடத்தைக்கே, அதாவது 0-க்கே, போய்விட்டது.

நம்பிக்கை வராமல் ஜிஎன்யூவின் அசல் 9.4 மூல நிரலை இறக்கிக் கம்பைல் செய்து பார்த்தேன். ஒரே ஃபோல்டரில் 'அ', 'ஆ' என்று இரண்டு ஃபைல், சிபி -என் போட்டு 'அ'-வை 'ஆ'-வுக்கு. 'ஆ-வை மாற்றவில்லை' என்று ஒரு வரி, எக்ஸிட் கோட் 1. பக்கத்திலேயே உபுண்டுவின் 9.4: எச்சரிக்கை வரி, எக்ஸிட் கோட் 0. பதிப்பு எண் ஒன்றுதான். ஸ்கிரிப்டில் பதிப்பைச் சோதித்து அதற்கேற்ப நடக்கலாம் என்று யாராவது சொன்னால் இதைக் காட்டலாம்.

எச்சரிக்கை சொன்னபடி --அப்டேட்=நன் போட்டால் என்ன? 24.04-இல் கச்சிதமாக வேலை செய்கிறது. 16.04-இல் '--அப்டேட் ஆப்ஷனுக்கு மதிப்பு எதுவும் தரக்கூடாது' என்று நின்றுவிடுகிறது. மாறுதல் காலத்தில் இரண்டு மெஷினிலும் அதே ஸ்கிரிப்ட்தான் ஓட வேண்டும். ஆகவே ஆப்ஷன்களையே விட்டுவிட்டு, ஃபைல் இருக்கிறதா என்று டெஸ்ட் வைத்துப் பார்த்து, இல்லையென்றால் மட்டும் வெறும் சிபி போடும் ஒரு சின்ன லூப் எழுதினேன். மூன்று வரி அதிகம். 1990-களின் யூனிக்ஸிலும் ஓடும், அடுத்த உபுண்டுவிலும் ஓடும். யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான பாசிக்ஸ் தரத்தில் சிபி-க்கு -என் என்று ஒன்று வரையறுக்கப்படவே இல்லை என்பது நினைவிருந்தால், முதலில் எழுதியவருக்கும் இது தோன்றியிருக்கும். ஆனால் வேலை நடக்கும்போது தரத்தை யார் புரட்டிப் பார்க்கிறார்கள்.

நாஸ் பெட்டியும் எஸ்சிபியும்

நாஸ் ரொம்பப் பழசு. புது மெஷினிலிருந்து எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பே ஏறவில்லை: ஹோஸ்ட் சாவி வகை எதுவும் பொருந்தவில்லை, அந்தப் பக்கம் தருவது எஸ்எஸ்எச்-ஆர்எஸ்ஏ மட்டும் என்றது. 2021 செப்டம்பரில் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 8.8, எஸ்எச்ஏ-1 என்ற பழைய ஹாஷ் முறையை வைத்துக் கையெழுத்திடும் அந்த முறையை இயல்பில் அணைத்துவிட்டது. காரணம் நியாயமானது, எஸ்எச்ஏ-1 உடைபட்டு வருடங்களாகிவிட்டன. எஸ்எஸ்எச் கான்ஃபிக் ஃபைலில் அந்த நாஸுக்கு மட்டும் ஒரு ஹோஸ்ட் பகுதி எழுதி, அதில் பழைய முறையை '+' போட்டுச் சேர்த்தேன். எல்லா ஹோஸ்டுக்கும் பொதுவாகத் திறந்துவிடச் சொல்லும் பதில்கள் தேடலில் நிறைய வரும், கேட்காதீர்கள்.

இணைப்பு ஏறியதும் அடுத்த சுவர். 'சப்சிஸ்டம் கோரிக்கை தோற்றது, இணைப்பு மூடப்பட்டது.' 2022 ஏப்ரலில் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 9.0 முதல், எஸ்எஸ்எச் வழியாக ஃபைலை நகலெடுக்கும் எஸ்சிபி கட்டளை உள்ளுக்குள் எஸ்எஃப்டிபி என்ற வேறு நெறிமுறையைப் பேசுகிறது. இந்த நாஸில் எஸ்எஃப்டிபி கிடையாது. பழைய நெறிமுறைக்குத் திரும்ப பெரிய எழுத்து ஓ ஆப்ஷன் வைத்திருக்கிறார்கள். போட்டதும் போனது.

இந்த மாற்றத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பழைய எஸ்சிபியில் சர்வர் அனுப்பும் ஃபைல் பெயரை கிளையண்ட் சரியாகச் சோதிக்காமல் நம்பியது, 2019-இல் வெளிவந்த ஓட்டைகளில் ஒன்று அதுதான். தவிர, எதிர்ப்பக்கப் பாதையை அந்தப் பக்கத்து ஷெல் இன்னொரு முறை விரித்துப் பார்க்கும். அதனால்தான் 'பழைய பில்' என்று நடுவில் இடைவெளி உள்ள ஃபோல்டருக்கு ஸ்கிரிப்டில் ஒற்றை மேற்கோளுக்குள் இரட்டை மேற்கோள் போட்டிருந்தார்கள். எஸ்எஃப்டிபி வழியில் அந்த இரண்டாவது விரிப்பு இல்லை, உள் மேற்கோள் குறியையும் பெயரின் பகுதியாக எடுத்துக்கொண்டு 'அப்படி ஃபைல் இல்லை' என்கிறது. கிளைக் கடை மெஷினுக்குப் போகும் வரிகளில் இது பட்டது, ஒரு ஜோடி மேற்கோளை எடுத்ததும் சரியானது. ஃபைல்களை ஒத்திசைக்கும் ஆர்சிங்க்கும் 3.2.4-இல் இதே மாதிரி மாறியது, அங்கே தப்பிக்கும் வழி --ஓல்ட்-ஆர்க்ஸ்.

மாற்ற வேண்டிய காரணம் இருக்கிறது, உடைந்தால் சத்தமாக உடைகிறது, பழையபடி நடக்க ஒரு ஆப்ஷன் இருக்கிறது. இந்த மூன்றும் இருந்தால் எனக்குக் கோபம் வருவதில்லை.

20 பைட் பேக்கப்

இதுதான் உண்மையிலேயே பயமுறுத்தியது. டேட்டாபேஸ் ஒரு டாக்கர் கண்டெய்னரில் ஓடுகிறது. பேக்கப் ஸ்கிரிப்ட், 'கடை_டிபி_1' என்ற கண்டெய்னருக்குள் டேட்டாபேஸை நகலெடுக்கும் மைசீக்வல்டம்ப்பை ஓட்டி, அளவைச் சுருக்கும் ஜிஜிப்புக்குப் பைப் செய்து, தேதி போட்ட ஃபைலில் வைக்கும். புது மெஷினில் ஓட்டினேன். பிழை இல்லை, எக்ஸிட் கோட் 0, ஃபைலும் இருக்கிறது. எல்எஸ் போட்டுப் பார்த்தால் அளவு 20 பைட்.

ஒன்றுமே இல்லாத உள்ளீட்டை ஜிஜிப்பிடம் கொடுத்தால் தருவது சரியாக 20 பைட்தான், தலைப்பும் வாலும் மட்டும். ஜிஜிப் -டி வைத்துச் சோதித்தாலும் 'நல்ல ஃபைல்' என்றே சொல்லும், ஏனென்றால் அது நல்ல ஃபைல்தான். காலி, அவ்வளவே.

நடந்தது என்ன? பல கண்டெய்னர்களைச் சேர்த்து ஓட்டும் டாக்கர் கம்போஸின் முதல் பதிப்பு கண்டெய்னர் பெயர்களை அடிக்கோட்டால் இணைக்கும். கோ மொழியில் திரும்ப எழுதிய இரண்டாம் பதிப்பு இணைகோட்டால் இணைக்கிறது: 'கடை-டிபி-1'. அடிக்கோடு ஹோஸ்ட் பெயர்களில் செல்லாது, ஆகவே மாற்றத்தில் அர்த்தம் உண்டு. முதல் பதிப்புக்கான ஆதரவு 2023 ஜூலையில் முடிந்துவிட்டது, அதிலேயே ஒட்டிக்கொள்ளவும் முடியாது. பழைய பெயர் வேண்டுமானால் --கம்பாட்டிபிலிட்டி என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது.

சரி, 'அப்படி ஒரு கண்டெய்னர் இல்லை' என்று டாக்கர் சொல்லியிருக்க வேண்டுமே, அது எங்கே போனது? வரியின் நடுவில் ஸ்டாண்டர்ட் எரரை /டெவ்/நல்-லுக்கு (போட்டதெல்லாம் மறையும் குப்பைத்தொட்டி) அனுப்பியிருந்தார்கள். ஏன் என்று கொஞ்சம் யோசித்தபோது புரிந்தது. மைசீக்வல் 5.6 முதல், கட்டளைவரியில் பாஸ்வேர்டைக் கொடுத்தால் 'இது பாதுகாப்பில்லை' என்று ஒவ்வொரு முறையும் எச்சரிக்கும். கிரான் அதை ஒவ்வொரு இரவும் மெயிலாக்கும். கணக்காளர் அக்கா இன்று எனக்குப் போட்ட போனை அன்று வேறு யாருக்கோ போட்டிருப்பார். அவர் எச்சரிக்கையை வாயடைத்தார், அதோடு சேர்ந்து பின்னால் வரப்போகிற எல்லாப் பிழைகளின் வாயும் அடைபட்டது.

எச்சரிக்கை மட்டும்தானே, எதையும் உடைக்கவில்லையே என்று கருவி எழுதுபவர்கள் சொல்வதை இதனால்தான் நான் ஏற்பதில்லை. கிரானில் ஓடும் ஸ்கிரிப்டுக்குப் புதிய எச்சரிக்கை வரி என்பதே ஒரு உடைசல். ஓட்டுகிற ஆளிடம் சொல்ல வேண்டியதை டெர்மினலில் இருக்கும்போது சொல்லலாம். எல்எஸ் அப்படித்தான் செய்கிறது. 2016-இல் கோர்யூட்டில்ஸ் 8.25-இல் இடைவெளி உள்ள ஃபைல் பெயர்களை மேற்கோளுக்குள் காட்ட ஆரம்பித்தார்கள், பலர் கொதித்தார்கள். ஆனால் வெளியீடு டெர்மினலுக்குப் போகும்போது மட்டும்தான் அந்த மேற்கோள், பைப்பில் போனால் பழையபடியே. கண்ணுக்குப் பிடிக்காமல் போகலாம், ஸ்கிரிப்ட் எதுவும் அதனால் சாகாது. பேக்கேஜ்களை நிறுவும் ஏபிடி இன்னும் வெளிப்படை: பைப்பில் போட்டால் 'என் கட்டளைவரி நிலையானதல்ல, ஸ்கிரிப்டில் கவனம்' என்று நேராகவே சொல்லிவிடும், நிலையானது வேண்டுமென்றால் ஏபிடி-கெட். நிரல் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட்டில் 'ஸ்டேட்டஸ்' மனிதருக்கு, '--போர்சலின்' சேர்த்தால் ஸ்கிரிப்டுக்கு, அதன் வடிவம் மாறாது என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

பேக்கப் ஸ்கிரிப்டில் செய்தவை: பாஸ்வேர்டைத் தனி கான்ஃபிக் ஃபைலுக்கு மாற்றி, அதைச் சொந்தக்காரர் மட்டும் படிக்கும்படி வைத்தேன். எச்சரிக்கை போனது, /டெவ்/நல்-லும் போனது. கண்டெய்னர் பெயரை நேரடியாகச் சொல்வதை விட்டு, 'டாக்கர் கம்போஸ் எக்ஸெக்' வழியாகச் சர்வீஸ் பெயரால் அழைத்தேன். பெயரை எப்படி இணைத்தாலும் இனி எனக்குக் கவலை இல்லை. கிரானில் டெர்மினல் கிடையாது என்பதால் பெரிய எழுத்து டி ஆப்ஷன் சேர்க்க வேண்டியிருந்தது. அப்புறம், பைப்பில் எந்தக் கட்டளை தோற்றாலும் தோல்வி என்று சொல்லும் 'செட் -ஓ பைப்ஃபெயில்'. போட்டதும் 'இப்படி ஒரு ஆப்ஷன் இல்லை' என்று வந்தது. ஸ்கிரிப்டின் முதல் வரி 'எஸ்எச்'. உபுண்டுவில் 2006-இன் 6.10 முதல் அது பாஷ் இல்லை, டாஷ் என்ற வேறு ஷெல். முதல் வரியை பாஷ் என்று மாற்றியதும் சரியானது.

கடைசியாக, டம்ப் முழுமையாக வந்ததா என்று பார்க்க, விரித்துக் கடைசி வரியில் 'டம்ப் கம்ப்ளீட்டட்' இருக்கிறதா என்று கிரெப் செய்கிறேன். இதுவும் மனிதருக்கான வெளியீட்டை நம்புவதுதான், இஃப்கான்ஃபிக் கதையேதான் என்று தெரியும். ஒரு வித்தியாசம்: நாளைக்கு அந்த வரியை மாற்றினால் என் சோதனை தோற்கும், ஜெயிக்காது.

அடுத்த பதிப்புக்கு ஒரு ஒத்திகை

வேலை ஏறக்குறைய முடிந்த நிலையில் இன்னொன்றையும் செய்தேன். 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10, ஜிஎன்யூ கோர்யூட்டில்ஸுக்குப் பதிலாக ரஸ்ட் மொழியில் எழுதிய யூயூட்டில்ஸை இயல்பாக்கியது. அதில் 'டேட் -ஆர்' என்ற கட்டளை, கொடுத்த ஃபைலின் கடைசி மாற்ற நேரத்தைச் சொல்லாமல் இப்போதைய நேரத்தைச் சொன்னது. ஆப்ஷனை ஏற்றுக்கொள்ளும், எதுவும் சொல்லாது, பதில் மட்டும் தப்பு. அதனாலேயே அந்த வெளியீட்டில் தானியங்கி அப்டேட் சோதனை நின்றுபோனது. அந்த மாதமே திருத்தம் வந்துவிட்டது.

எங்கள் ஸ்கிரிப்டில் தேடினால், 'நேற்றைய பேக்கப் எவ்வளவு பழசு' என்று பார்க்கும் வரி அதே டேட் -ஆர். அந்தப் பிழை உள்ள மெஷினில் ஓடினால் ஒரு மாதப் பழைய பேக்கப்பும் இப்போதுதான் எடுத்த மாதிரி தெரிந்திருக்கும். ஸ்டாட் கட்டளைக்கு மாற்றிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நாளைக்கு ஸ்டாட்டுக்கும் இதே நடக்கலாம், எத்தனை கட்டளைக்குத்தான் தப்பி ஓடுவது. அதனால் வரியை அப்படியே விட்டுவிட்டு, ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் ஒரு சோதனை வைத்தேன். டச் கட்டளையால் இரண்டு நாள் பழைய தேதி போட்ட ஒரு காலி ஃபைலை உருவாக்கி, அதைப் 'பழசு' என்று ஸ்கிரிப்ட் கண்டுபிடிக்கிறதா என்று பார்க்கும். கண்டுபிடிக்கவில்லை என்றால் 'சோதனையே வேலை செய்யவில்லை' என்று எனக்கு மெயில் வரும். அக்காவின் முகவரியைக் கிரானிலிருந்து எடுத்து என்னுடையதைப் போட்டிருக்கிறேன், அவருக்குப் போவது காலை அறிக்கை மட்டும்.

மூன்று ஃபைல் ஒப்பீட்டையும் ஸ்கிரிப்ட்களோடு ஒரே கிட் ரெப்போவில் வைத்திருக்கிறேன். அடுத்த எல்டிஎஸ்-க்கு (நீண்ட கால ஆதரவுள்ள பதிப்பு) மாறும்போது இமேஜ் பெயரை மாற்றி ஓட்டினால் போதும். நாஸ் மட்டும் பாக்கி. பெரிய ஓ ஆப்ஷனை எத்தனை நாள் விட்டுவைப்பார்கள் என்று தெரியாததால், அந்த வரிக்கு மேலே 'இந்தப் பெட்டி போனதும் இதை எடு' என்று கமெண்ட் எழுதிவிட்டு, முதலாளியிடம் புது நாஸுக்கு விலைப்பட்டியல் கொடுத்திருக்கிறேன்.